கடையில் விற்கும் போதையும் பையில் பிடிபடும் போதையும்

செல்லிப்பட்டு, வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் வாழும் நம்மவர் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி எழுந்து வருகிறது. பெரும்பாலும் அதைக் கேட்பவர்கள் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். "சாராயக் கடையை அரசாங்கமே ஏலம் விட்டு நடத்துகிறது. அங்கே போய்க் குடித்துவிட்டு வருகிறவரை எந்தப் போலீசும் பிடிப்பதில்லை. ஆனால் ஒரு பொட்டலம் கஞ்சா சட்டைப் பையில் இருந்தால் சிறை. அப்படியானால் கஞ்சாதானே பெரிய பாவம்?" என்று ஒருவன் கேட்கிறான். இன்னொருவனோ நேர் எதிராக, "திருமறையில் மதுவைத்தான் அல்லாஹ் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறான். கஞ்சா ஒரு செடி. அதைப் பற்றி எங்கே சொல்லியிருக்கிறது? கனடாவிலும் ஜெர்மனியிலும் அனுமதித்து விட்டார்களே!" என்கிறான்.

இரண்டு கேள்விகளும் ஒரே தவறான வேரிலிருந்து முளைத்தவை. நாட்டின் சட்டத்தை மார்க்கத்தின் தராசாக எடுத்துக் கொண்டதே அந்த வேர். எனவே முதலில் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டு, பிறகு ஷரீஅத்தின் அளவுகோலுக்கு வருவோம்.

நமது அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவைப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. போதை தரும் பானங்களையும், உடலுக்குக் கேடு செய்யும் போதைப் பொருள்களையும், மருத்துவத் தேவைக்கு அன்றி மக்கள் உட்கொள்ளாதவாறு விலக்க அரசு முயல வேண்டும் என்பது அதன் கருத்து. ஒரே பிரிவு, ஒரே வாக்கியம், இரண்டுக்கும் ஒரே நோக்கம். ஆனால் நடைமுறைக்கு வரும்போது இரண்டும் பிரிந்து விடுகின்றன. மதுவை விற்பதா விலக்குவதா என்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது. கஞ்சா, அபின் முதலியவற்றுக்கோ நாடாளுமன்றம் 1985ஆம் ஆண்டு நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் இயற்றியது.

புதுச்சேரியில் மதுவிலக்கு என்பதே வேரூன்றியதில்லை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலும் இல்லை; 1954இல் ஆட்சி கைமாறிய பிறகும் இல்லை. 1970ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி சாராயக் கடைகளும் கள்ளுக்கடைகளும் பிராந்திக் கடைகளும் உரிமம் பெற்று நடக்கின்றன. நம் கிராமங்களின் அமைப்போ விசித்திரமானது. புதுச்சேரி மண்ணும் தமிழ்நாட்டு மண்ணும் துண்டு துண்டாகப் பின்னிக் கிடக்கின்றன. இங்கே உரிமம் பெற்ற கடையில் முறையாக வாங்கிய புட்டியைப் பையில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டி விழுப்புரம் மாவட்டத்துக்குள் கால் வைத்தால், அதே புட்டி 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றப் பொருளாகி விடுகிறது. அந்தச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் உயிரோடு இருக்கிறது. அரசின் டாஸ்மாக் கடைகளும் அதன் நிழலிலேயே இருக்கின்றன! புட்டிக்குள் இருப்பது மாறவில்லை. தலைக்கு ஏறும் மயக்கமும் மாறவில்லை. மாறியது மண்ணின் பெயர் ஒன்றுதான்.

கஞ்சாவின் நிலை வேறு. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். அந்தச் சட்டம் எடையைப் பார்க்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைவானது சிறிய அளவு. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோ முதல் 20 கிலோ வரை என்றால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும். 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. அதற்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு, இருபதாண்டு வரை போகலாம். இதில் இன்னொரு விந்தை: சட்டத்தின் கண்ணில் கஞ்சா என்பது செடியின் பூக்கும் நுனியே. நுனி இல்லாத வெறும் இலை அந்த வரையறைக்குள் வராது. வட மாநிலங்கள் சிலவற்றில் இலையை அரைத்துக் குடிக்கும் பழைய வழக்கம் இருப்பதால் அதற்கு வழி விடப்பட்டது.

இந்தக் கோடு எப்போதும் இதே இடத்தில்தான் இருந்ததா? இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் கஞ்சாவும் உரிமக் கடைச் சரக்குதான். 1893இல் அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அந்தக் குழு, அளவோடு உபயோகிப்பதால் பெரிய தீங்கில்லை, முற்றாகத் தடை செய்ய வேண்டாம், உரிமமும் வரியும் போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்று 1894இல் அறிக்கை தந்தது. இன்று மதுவுக்குச் சொல்லப்படும் நியாயம் அன்று கஞ்சாவுக்குச் சொல்லப்பட்டது.

இன்னும் ஒரு தேதியைக் கவனியுங்கள். 1937 அக்டோபர் 1. அன்றுதான் ராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அதே நாளில்தான் அமெரிக்காவில் கஞ்சாவைக் கடும் வரியால் முடக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. அந்த அமெரிக்கா 1920இல் மதுவை விலக்கி, பதின்மூன்று ஆண்டுகள் போராடித் தோற்று, 1933 டிசம்பரில் அந்த விலக்கை ரத்துச் செய்திருந்தது. ஆக ஒரே நாளில் ஒரு நாடு மதுவின் வாசலை அடைத்தது. மதுவின் வாசலைத் திறந்து நான்கே ஆண்டுகளான இன்னொரு நாடு கஞ்சாவின் வாசலை அடைத்தது. இன்று அதே அமெரிக்காவின் பல மாநிலங்களில் கஞ்சாக் கடை திறந்திருக்கிறது. கனடா 2018இலும் ஜெர்மனி 2024இலும் கட்டுப்பாடுகளோடு அனுமதித்து விட்டன. தமிழ்நாட்டிலோ 1948இல் மாகாணம் முழுதும் பரவிய மதுவிலக்கு 1971இல் நீங்கி, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடியும் நீங்கியது. 2003 முதல் சில்லறைக் கடையையே அரசு நடத்துகிறது. ராஜாஜி சேலத்துக்குப் பின் இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டு வந்தார்; விற்பனை வரியும் நிலைத்தது, மது வருமானமும் திரும்பி வந்து விட்டது!

மனிதர் போடும் கோடு இப்படித்தான். வருமானம் ஒரு பக்கம் இழுக்கும். மக்கள் கருத்து மறு பக்கம் இழுக்கும். இதைக் கொண்டு ஹலால் ஹராமை அளக்கப் புகுந்தால், 1974இல் ஹராமாக இருந்தது 1981இல் ஹலாலாக வேண்டும். சங்கராபரணியின் இக்கரையில் ஒன்றும் அக்கரையில் வேறொன்றுமாக மார்க்கம் இருக்க வேண்டும். அல்லாஹ் காப்பாற்றுவானாக!

ஷரீஅத்தின் அளவுகோல் என்ன? கலீபா உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று ஆற்றிய உரை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகிய ஐந்திலிருந்து அன்று மது தயாரிக்கப்பட்டதைக் கூறிவிட்டு, அறிவை மூடுவது எதுவோ அதுவே மது என்று அவர்கள் விளக்கினார்கள். "கம்ர்" என்ற சொல்லுக்கே மூடுதல் என்ற பொருள் உண்டு. பெண்கள் தலையை மூடும் "கிமார்" அதே வேரில் பிறந்ததே. போதை தரும் ஒவ்வொன்றும் கம்ர், ஒவ்வொரு கம்ரும் ஹராம் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியது முஸ்லிமில் உள்ளது. அதிகம் உட்கொண்டால் மயக்குவதில் சிறிதளவும் ஹராம் என்பது அபூதாவூத், திர்மிதியில் உள்ளது. போதை தருவதோடு, உடலையும் உணர்வையும் தளரச் செய்வதையும் அவர்கள் விலக்கியதாக அன்னை உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். இந்தக் கடைசி அறிவிப்பு கஞ்சாவுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். கஞ்சாவின் பெயர் திருமறையில் இல்லை என்று கேட்கும் பிள்ளைக்கு இதுவே பதில். பிராந்தியின் பெயரும் விஸ்கியின் பெயரும்கூடத் திருமறையில் இல்லைதான்.

"ஹஷீஷ்" எனப்படும் கஞ்சா முஸ்லிம் நாடுகளில் பரவலாகத் தலையெடுத்தது ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டையொட்டி. அப்போது மிஸ்ரில் அரசு அதற்கு வரி வசூலித்து வந்தது என்பதையும், சுல்தான் பைபர்ஸ் அந்த வரியை ஒழித்துத் தடை விதித்தார் என்பதையும் வரலாற்றில் காண்கிறோம். கலால் வருமானம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல போலும்! அன்றைய இமாம்கள் ஹஷீஷ் ஹராம் என்பதில் ஒன்றுபட்டார்கள். தண்டனையில்தான் கருத்து வேறுபாடு. மதுவுக்குரிய சவுக்கடி இதற்கும் உண்டு என்றார் இமாம் இப்னு தைமிய்யா. மாலிக்கீ மத்ஹபின் இமாம் கராஃபீயோ, இது மதுவைப் போன்ற போதையல்ல, அறிவைக் கெடுப்பது. ஆகவே வரையறுத்த தண்டனை இல்லை, நீதிபதி தம் முடிவுப்படி கண்டித்துத் திருத்தும் "தஃஸீர்" உண்டு என்றார். ஷாஃபி மத்ஹபும் தஃஸீர் பக்கமே நிற்கிறது. ஆனால் அதே மத்ஹபின் இமாம் இப்னு ஹஜர் ஹைதமீ பெரும் பாவங்களைத் தொகுத்த தம் நூலில் ஹஷீஷையும் அபினையும் சேர்த்திருக்கிறார்கள்.

இங்கே அரைகுறையாகக் கேட்டுவிட்டுத் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. சற்று நின்று சொல்ல வேண்டும். நம் அரபி மதரஸாக்களில் ஓதப்படும் "ஃபத்ஹுல் முயீன்" கிதாபில் நஜீஸ்களைக் கூறும்போது, போதை தரும் திரவம் நஜீஸ் என்றும், திரவம் என்று சொன்னதால் ஹஷீஷ் போன்றவை அதில் அடங்கா என்றும் வருகிறது. அதாவது சாராயம் பட்ட துணியோடு தொழுதால் தொழுகை கூடாது. கஞ்சா இலை பட்ட துணி அசுத்தமாகி விடாது. இதைக் காதில் வாங்கிய சிலர், "கிதாபிலேயே கஞ்சா சுத்தம் என்றிருக்கிறது" என்று கிளம்பி விடுகிறார்கள். மண்ணும் சுத்தமானதுதான், அதனால் தயம்மும் செய்கிறோம், அள்ளித் தின்கிறோமா? கொல்லும் நஞ்சுச் செடியும் தாஹிர்தான். துணியில் படுவதன் சட்டம் வேறு, வயிற்றுக்கும் மூளைக்கும் போவதன் சட்டம் வேறு.

மயக்கம் வந்த பின் சட்டம் இரண்டுக்கும் ஒன்றே. சொல்வது என்னவென்று அறியும்வரை போதையோடு தொழுகையை நெருங்க வேண்டாம் என்பது நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனத்தின் கட்டளை. அந்த மயக்கத்தில் தவறிய தொழுகைகளைக் களாச் செய்தே ஆக வேண்டும். இன்னும் கடுமையான ஒன்று உண்டு. பாவமான வழியில் அறிவிழந்தவன் அந்த நிலையில் தலாக் என்று வாய்விட்டால், அது நிகழ்ந்துவிடும் என்பதே ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளின் பிரபலமான தீர்ப்பு. பிற்கால அறிஞர்கள் ஹஷீஷ் உண்டவனுக்கும் இதே தீர்ப்பைச் சொன்னார்கள். "அன்றைக்கு எனக்கு நினைவே இல்லை" என்று மறுநாள் காலையில் அழுவது பயன்படாது. இப்படிக் குலைந்த குடும்பங்கள் எத்தனை!

சரி, மார்க்கம் இரண்டையும் ஒன்றாக விலக்குகிறது என்றால், கஞ்சாவுக்கு உள்ளதுபோல மதுவுக்கும் சிறைதான் வழியா? பீகார் மாநிலம் 2016இல் மதுவை முற்றாக விலக்கிக் கடுந்தண்டனை விதித்தது. சிறைகளும் நீதிமன்றங்களும் நிரம்பி வழிந்தன. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அன்றைய தலைமை நீதிபதி ரமணா, தொலைநோக்கின்றிச் செய்த சட்டத்துக்கு அதை எடுத்துக்காட்டாகக் கூறினார். 2022இல் முதல் முறை குடித்துப் பிடிபட்டவர் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று திருத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச் சாராயம் பல உயிர்களைக் குடித்தது. இதைக் காட்டி, கடையை மூடினால் கள்ளச் சாராயம் வரும் என்பார்கள். ஆனால் 2023 மே மாதம் நமக்கு அருகிலுள்ள மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 65-க்கும் மேற்பட்டோரும் மெத்தனால் கலந்த சாராயத்துக்குப் பலியானபோது அரசின் கடைகள் திறந்துதானே இருந்தன? கடைச் சரக்கைவிடக் கள்ளச் சரக்கு மலிவு. பழகிய நாக்கு மலிவைத் தேடும். திறந்த கடையே அந்த நாக்கைப் பழக்குகிறது. ஆகவே கடையைத் திறந்து வைப்பது பாதுகாப்பு என்ற வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. கடையை மூடிச் சிறையைத் திறந்தால் போதும் என்பதையும் ஏற்பதற்கில்லை.

மதீனாவில் என்ன நடந்தது? முதலில் பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம்: அதில் பயனும் உண்டு, பாவமும் உண்டு, பாவமே பெரிது என்று உணர்த்தியது. அடுத்துத் தொழுகை நேரத்தில் விலக்கு வந்தது. கடைசியாகவே மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் முற்றாக விலக்கின. அந்த நேரம் அனஸ் (ரலி) அவர்கள் அபூதல்ஹா (ரலி) வீட்டில் மது பரிமாறிக் கொண்டிருந்தார்கள். தெருவில் அறிவிப்பாளரின் குரல் கேட்டதும் அபூதல்ஹா அதைக் கொட்டச் சொன்னார்கள். மதீனத் தெருக்களில் மது ஓடியது. எந்தக் காவலரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை. ஏன் இது நடந்தது என்பதற்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே விளக்கம் தந்திருக்கிறார்கள்: முதலில் இறங்கியவை சுவர்க்கத்தையும் நரகத்தையும் கூறும் அத்தியாயங்கள், மக்கள் இஸ்லாத்தில் உறுதிப்பட்ட பிறகே ஹலால் ஹராம் இறங்கின, முதலிலேயே மது குடிக்காதீர்கள் என்று இறங்கியிருந்தால், ஒருபோதும் விடமாட்டோம் என்று சொல்லியிருப்பார்கள் என்று.

இதை நம் வீட்டுக்குக் கொண்டு வருவோம். வாப்பா மாலையில் கடைக்குப் போய்விட்டு வருகிறார். உரிமக் கடைதானே என்று எவரும் ஒன்றும் கேட்பதில்லை. மகன் பையில் ஒரு பொட்டலம் அகப்பட்டதும் வீடு அதிர்கிறது. தொழுகைக்கு அழைக்காத வாய், அன்றைக்கு "குடும்ப மானம் போச்சே" என்று அலறுகிறது. அஞ்சியது அல்லாஹ்வையா, போலீசையா என்பதைப் பிள்ளை கண்டுகொள்ளாமலா இருப்பான்? வாப்பாவின் புட்டியை விட்டுவிட்டு மகனின் பொட்டலத்தை மட்டும் கண்டிக்கும் வீட்டில், அவனுக்கு நாம் ஓதிக் கொடுத்த பாடம் நாட்டின் சட்டமே தவிர மார்க்கத்தின் சட்டமல்ல.

பொட்டலம் அகப்பட்டுவிட்டது. இனி என்ன செய்வது? அதைப் பீரோவில் பூட்டி வைப்பது கூடாது. வீட்டில் கிடக்கும்வரை, வைத்திருந்தது யார் என்றே சட்டம் கேட்கும். தெரிந்தே வீட்டையோ வண்டியையோ இதற்கு உபயோகிக்க விட்டவரையும் அது விடுவதில்லை. நண்பனுக்காக ஒரு பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்ற பேச்சும் எடுபடாது, மார்க்கத்திலும் எடுபடாது. மது விஷயத்தில் பத்துப் பேர் சாபத்துக்குள்ளானவர்கள் என்று வரும் நபிமொழியில் குடிப்பவன் ஒருவனே. சுமப்பவன், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவன், விற்பவன், அந்த விலையைத் தின்பவன் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். கடைத்தெருவில் உள்ள தம் கட்டிடத்தை மதுக்கடைக்கு வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் ஹஜ்ஜுக்குப் பணம் சேர்ப்பவர் இதை மறுபடி படிப்பது நல்லது.

பிள்ளையை அடித்து விரட்டுவதும் ஜமாஅத்தில் தள்ளி வைப்பதும் வேண்டாம். மது குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சபையில் ஒருவர் சபித்தபோது, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார் என்று கூறி நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்ற கருத்திலும் அருளினார்கள். இரண்டும் புகாரியில் உள்ளவை. தண்டனை நிறைவேறியது, சாபம் தடுக்கப்பட்டது. அடுத்தவர் வீட்டைத் துருவுவதையும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் விலக்குகிறது; ஜமாஅத் இளைஞர்கள் பையன்களின் பைகளைச் சோதிக்கக் கிளம்புவதை நாம் ஆதரிக்க மாட்டோம். பெற்றோர் தம் பிள்ளையைக் கண்காணிப்பது வேறு.

நம்மவரில் பலர் அறியாத ஒரு செய்தி: 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 64-ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. அடிமையாகிவிட்ட ஒருவர் மீது, போதைப் பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றச்சாட்டு இருந்தாலும், அவர் தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற நிலையத்திலோ சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்குத் திரும்பப் பெறப்படலாம். எனவே வழக்கு வந்துவிட்டால், ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு இந்தப் பிரிவைக் கேட்டுப் பெற வேண்டும். வழக்கு வருமுன்னரே போவது அதனினும் மேல். ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. 14446 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசி ஆலோசனை கேட்கலாம். இளம் வயதில் தொடர்ந்து கஞ்சா புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் ஆபத்து அதிகம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பிள்ளை தனியே பேசுகிறான், சந்தேகப்படுகிறான் என்றால் ஜின் தொல்லை என்று தாயத்துத் தேடி மாதக் கணக்கைக் கழிக்காமல் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அழைத்துப் போவது வாப்பாவாகவே இருக்கட்டும். அவருக்கும் மாலைக் கடைப் பழக்கம் இருந்தால், அதே மருத்துவரிடம் தமக்கும் ஒரு சீட்டுப் போட்டுக் கொள்ளலாம்.